மலைவீட்டில் கம்பியில்லா இணையம்: பெட்டியின் விலையைப் பார்க்குமுன் வீட்டைப் பாருங்கள்



சேலம் நகரிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு நம்மை வரவேற்கிறது. சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காப்பிச் செடிகளும், அம்மரங்களைத் தழுவிப் படரும் மிளகுக் கொடிகளும், ஏரியின் மீது தவழும் பனியும் கண்டோர் உள்ளத்தைக் கவர்வன. ஆனால் விடுமுறையைக் கழித்துவிட்டுக் கீழே இறங்கும் பயணிக்கு ஏற்காடு ஒரு காட்சி. அங்கேயே குடியிருப்போருக்கு அது வாழ்க்கை. அவ்வாழ்க்கையின் இன்றியமையாத் தேவைகளுள் ஒன்றாக இன்று இணையம் இடம்பெற்றுவிட்டது.

இதனை ஆடம்பரம் என்று ஒதுக்க இயலாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைப்பேசியின் வழியே வீட்டுக்குள் வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் இ-சஞ்சீவனி என்னும் அரசுச் சேவை, வீட்டிலிருந்தபடியே மருத்துவரைக் கண்டு பேசும் வசதியைத் திறந்து வைத்தது. துபாயிலும் ரியாத்திலும் பொருளீட்டும் மகன் முகம் காட்டிப் பேசுவதும், அவன் அனுப்பிய பணம் வங்கியில் வந்து சேர்ந்ததை அத்தா அறிந்துகொள்வதும் இதன் வழியேதான். மலையில் வாழ்வோருக்கு இவ்விணைப்பு அறுந்தால், மாற்று வழி அந்த இருபது வளைவுகளுக்கு அப்பால் இருக்கிறது.

இத்துணை முக்கியமான ஒன்றில் நம் குடும்பங்கள் செய்யும் செலவு பெரும்பாலும் தவறான இடத்தில் போய்ச் சேருகிறது. இணையம் மெதுவாக இருக்கிறது என்றதும் விலையுயர்ந்த ரூட்டர் ஒன்றை வாங்கி விடுகிறோம். நம் வீடுகளில் அதனை ‘மோடம்’ என்றும் ‘வைஃபை பெட்டி’ என்றும் அழைக்கிறோம். புதிய பெட்டி வந்தபின்னும் சமையலறையில் படம் உறைந்து நிற்கிறது. மகளின் வகுப்பு பாதியில் அறுகிறது. காரணம், குறை பழைய பெட்டியில் இருக்கவில்லை. எங்கே குறை என்று அளந்து அறியாமல் வாங்கும் எப்பெட்டியும் வீண் செலவே என்பதையும், அவ்வளவீட்டைச் செய்வதற்குப் பொறியாளர் எவரும் தேவையில்லை என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று கண்ணிகள்

இணையம் உங்கள் கைப்பேசியை வந்தடைய மூன்று கண்ணிகளைக் கடக்கிறது. முதலாவது, வெளியிலிருந்து வீட்டுக்கு வரும் தடம். அது கண்ணாடி இழையாகவோ, கோபுரத்திலிருந்து வரும் அலையாகவோ இருக்கலாம். இரண்டாவது, ரூட்டர். மூன்றாவது, ரூட்டருக்கும் உங்கள் கைக்கும் இடையேயுள்ள காற்றும் சுவரும். சங்கிலியின் வலிமை அதன் மெலிந்த கண்ணியளவே ஆகும். ஆகவே முதல் வேலை, மெலிந்த கண்ணி எது என்று கண்டறிவது.

மடிக்கணினி ஒன்றை அண்டை வீட்டிலிருந்தேனும் இரவல் பெற்று, ரூட்டருடன் கம்பியால் நேரடியாக இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். வேகம் அளக்கும் இலவசச் செயலிகள் பல உள்ளன. நீங்கள் கட்டணம் செலுத்தும் வேகம் கம்பியிலேயே வரவில்லையென்றால், குறை பெரும்பாலும் தடத்தில். இணைப்பு தந்தவரிடம் முறையிடுங்கள். கம்பியில் முழு வேகம் வந்து, பெட்டியின் அருகிலேயே கைப்பேசியில் குறைந்தால், குறை பெட்டியிலோ கைப்பேசியிலோ இருக்கிறது. பெட்டியருகே நன்றாக இருந்து, அடுத்த அறையில் குறைந்தால், குறை சுவரில். இந்த மூன்றில் நடுவிலுள்ள ஒன்றிற்கு மட்டுமே புதிய ரூட்டர் மருந்தாகும்!

அளக்கும்போது ஒரு நுட்பத்தை நினைவில் கொள்க. இணைப்பு தருவோர் சொல்லுவது மெகாபிட். கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது பெரும்பாலும் மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் இறங்கினால் அது முழு வேகமே. எவரும் நம்மை ஏமாற்றிவிடவில்லை.

பொருத்தம் பார்த்தல்

திருமணத்திற்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் ரூட்டருக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும். முதலில் உங்கள் வீட்டுக்கு வருவது என்ன தடம் என்று அறிக. பழைய தொலைபேசிச் செம்புக் கம்பிக்குரிய ரூட்டரில் சிறிய தொலைபேசித் துளை இருக்கும். கண்ணாடி இழை வரும் வீட்டில் அது பயன்படாது. இழை வரும் வீட்டில் இழையின் ஒளியை மின்குறியாக மாற்றும் பெட்டி ஒன்று தேவை, அதனை ஓ.என்.டி. என்பர். இணைப்பு தருபவரே பெரும்பாலும் அதனைத் தந்துவிடுகிறார். சில இடங்களில் ஓ.என்.டி.யும் ரூட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும். சில இடங்களில் இரண்டும் தனித்தனி.

இழை வழி இணைப்பிலும் ஜிபான், ஈபான் என இருவகை முறைகள் உண்டு. ஒன்றுக்குரிய பெட்டி மற்றொன்றில் வேலை செய்யாது. இரண்டையும் ஏற்கும் பெட்டிகள் எக்ஸ்பான் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. ஆயினும் எண்களைப் பதிவு செய்து தர வேண்டியவர் இணைப்பு தருபவரே. கடைக்குச் செல்லுமுன் அவரிடம் நான்கு கேள்விகளைக் கேட்டு, விடையைத் தாளில் எழுதி வாங்குங்கள். எந்த முறை? பயனர் பெயரும் கடவுச்சொல்லும் எவை? வீலான் எண் ஏதேனும் உண்டா? பெட்டியை மாற்றினால் தரைவழித் தொலைபேசி தொடர்ந்து பேசுமா? இக்கடைசிக் கேள்வியை மறப்போர் பலர். இழை வழி வரும் தொலைபேசி ஓ.என்.டி.யின் உள்ளேதான் இயங்குகிறது. பெட்டியை மாற்றினால் மணி ஒலிக்காது போகலாம்.

இழையின் முனையிலுள்ள இணைப்பானின் நிறத்தையும் கவனியுங்கள். பச்சை நிற முனை பச்சைத் துளைக்கும், நீல நிற முனை நீலத் துளைக்கும் உரியவை. பச்சை முனை சாய்வாகச் சீவப்பட்டது; மாற்றிச் செருகினால் ஒளி சிதறிக் குறையும். ஓ.என்.டி.யில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, ஒளி வந்து சேரவில்லை என்பது பொருள். மலையில் கிளை முறிந்து விழுந்து இழை அறுவது வியப்பன்று. அந்நேரம் ரூட்டரை எத்துணை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. இழையின் முனையை எவரும், குறிப்பாகக் குழந்தைகள், கண்ணருகே வைத்துப் பார்க்கலாகாது. அதில் ஓடும் ஒளி கண்ணுக்குத் தெரியாத வகையைச் சேர்ந்தது.

இழை எட்டாத தோட்டத்து வீடுகளில் சிம் அட்டையால் இயங்கும் ரூட்டரே வழி. அங்கே பொருத்தம் என்பது அலைவரிசைப் பொருத்தம். பி.எஸ்.என்.எல். நிறுவனத்தின் 4ஜி சேவை 2025 செப்டம்பர் 27 அன்று நாடு தழுவிய அளவில் தொடங்கி வைக்கப்பட்டது. அது 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. ஜியோவின் 4ஜி 850, 1800, 2300 மெகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. உங்கள் பகுதியில் எது எட்டுகிறதோ, அதற்குரிய அலைவரிசை பெட்டியின் குறிப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 700, 850 போன்ற குறைந்த எண்ணுடைய அலைகள் மலைமுகட்டைச் சுற்றி ஓரளவு வளைந்து இறங்கும். 2300 போன்றவை அத்துணை வளையமாட்டா. சேலத்தின் விளக்குகள் கண்ணுக்குத் தெரியும் மலை விளிம்பிலுள்ள வீட்டிற்கும், முகட்டின் பின்னே பள்ளத்தில் ஒடுங்கிய வீட்டிற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருவோர் அன்போடு கொண்டு வரும் பெட்டிகளைப் பற்றியும் ஒரு சொல். மின் அடாப்டரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிம் ரூட்டராயின், அந்நாட்டு நிறுவனம் ஒன்றிற்கே பூட்டப்பட்டதா என்று வாங்குமுன்னரே கேட்கச் சொல்லுங்கள். பூட்டப்பட்ட பெட்டி இங்கே வெறும் அலங்காரப் பொருளே.

பெட்டியின் மீதுள்ள எண்கள்

இந்திய அரசு 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை 2005ஆம் ஆண்டில் உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்தது. 5 ஜிகாஹெர்ட்ஸின் பெரும்பகுதியை 2018இல் திறந்துவிட்டது. இன்று விற்கப்படும் பெரும்பாலான ரூட்டர்கள் இவ்விரண்டிலும் பேசுகின்றன. ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததைப் பிரித்தறிய வைஃபை 4, 5, 6, 7 என்று எண்ணிடப்பட்டுள்ளது. 2009இல் வந்த தரம் நான்கு எனப் பெயர் பெற்றது. அதன்பின் வந்தவை ஐந்து, ஆறு, ஏழு.

பெட்டியின் மீது ‘ஏ.சி. 1200’ என்று பெரிய எழுத்தில் காணப்படும். இது 2.4 ஜிகாவில் 300, 5 ஜிகாவில் 867 மெகாபிட் என்னும் இரு ஏட்டுக் கணக்குகளைக் கூட்டி முழுமையாக்கிய எண். எந்தக் கைப்பேசியும் இரண்டையும் கூட்டி அனுபவிப்பதில்லை. அதைவிட முக்கியமானது பெட்டியின் பின்புறத்தில் இருக்கிறது. மலிவான ரூட்டர்கள் பலவற்றில் பின்னாலுள்ள கம்பித் துளைகள் 100 மெகாபிட் அளவின. அவற்றின் வழியே நடைமுறையில் ஏறத்தாழ 94 மெகாபிட்டுக்கு மேல் வராது. நீங்கள் 200 மெகாபிட்டுக்குக் கட்டணம் செலுத்தி, அத்தகைய பெட்டியை வைத்தால், மாதந்தோறும் பாதிப் பணம் வாசலிலேயே நின்றுவிடும். ‘கிகாபிட் துளை’ என்று குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மாறாக, 50 மெகாபிட் இணைப்பு வைத்திருப்போருக்கு மலிவான பெட்டியே போதுமானது. நல்ல காணொளி அழைப்பு ஒன்றிற்கு இரண்டு மூன்று மெகாபிட் போதும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கைப்பேசியும் ஒத்துழைக்க வேண்டும். வைஃபை 7 ரூட்டர் வாங்கி, பழைய வைஃபை 4 கைப்பேசியை அதனோடு இணைத்தால், அக்கைப்பேசி பழைய வேகத்திலேயே பேசும். வீட்டில் ஒருவரிடமும் புதிய தரத்துக் கருவி இல்லாதபோது புதிய தரத்துப் பெட்டிக்கு அதிக விலை கொடுப்பது, சேணமில்லாத குதிரைக்குத் தங்கக் கடிவாளம் வாங்குவதை ஒக்கும்.

பனியும் சுவரும்

“பனி இறங்கிவிட்டது, இனி நெட் வராது” என்னும் பேச்சை மலையில் கேட்கலாம். உண்மையில், வைஃபை அலைகளைப் பனிமூட்டம் தடுப்பதில்லை. ஒரு வீட்டின் தொலைவில் அதன் பாதிப்பு அளக்கவும் இயலாத அளவு சிறியது. மழைக்கும் இதுவே பொருந்தும். அவ்வாறாயின் பனிநாளில் இணையம் ஏன் தடுமாறுகிறது? நனைந்த இலைகள் அலையை உறிஞ்சுகின்றன. எனவே மரங்களை ஊடுருவி வரும் கோபுர அலை மெலிகிறது. வெளியிலுள்ள இணைப்புகளில் ஈரம் புகுகிறது. மின்சாரம் ஏறி இறங்குகிறது. வெளியே செல்ல இயலாத குடும்பத்தினர் அனைவரும் ஒரே நேரத்தில் இணையத்தைத் திறக்கின்றனர். இவற்றுள் எதிலும் பனிமூட்டம் அலையை நேரடியாகத் தடுப்பதில்லை. ஆகவே பனி விலகட்டும் என்று காத்திருப்பதும் தீர்வாகாது.

மெய்யான எதிரி சுவர். 2007ஆம் ஆண்டில் வெனிசுலா நாட்டில், ஒரு மலையுச்சியிலிருந்து மற்றொரு மலையுச்சிக்கு 382 கிலோமீட்டர் தொலைவு வைஃபை கருவிகளைக் கொண்டே இணைப்பு நிறுவினர். கருவிகளின் மென்பொருளைச் சற்று மாற்றி, அலையை ஒருமுகப்படுத்தும் பெரிய ஆண்டெனாக்களைப் பொருத்தியிருந்தனர். இடையில் தடையேதும் இல்லை என்பதே அவ்வெற்றியின் இரகசியம். அத்துணை தொலைவு பாய வல்ல அதே வகை அலை, உங்கள் கூடத்திலிருந்து சமையலறைக்குச் செல்ல முடியாமல் தவிக்கிறது. பழைய தோட்ட பங்களாக்களின் தடித்த கருங்கல் சுவர்கள் அலையின் பெரும்பகுதியை விழுங்கிவிடுகின்றன. தகரக் கூரையும் இரும்புக் கதவும் அலையை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்புகின்றன.

அலைகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஒரே தொலைவில், ஒத்த ஆண்டெனாக்களுக்கிடையே, 5 ஜிகா அலை வந்து சேரும் வலிமை 2.4 ஜிகா அலையினதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே. சுவர் குறுக்கிட்டால் அது மேலும் மெலியும். எனவே கல்வீட்டில் 5 ஜிகா, பெட்டியுள்ள அறைக்கும் அதை அடுத்துத் திறந்திருக்கும் இடத்திற்கும் உரியது. எட்டத்து அறைகளுக்கு 2.4 ஜிகாவே உற்ற துணை. வேகம் சற்றுக் குறைந்தாலும் வந்து சேரும் ஒன்று, வேகமிருந்தும் வந்து சேராத ஒன்றினும் மேலானது.

அமைக்கும் முறை

ரூட்டரை எங்கே வைப்பது? இழை வீட்டுக்குள் நுழையும் மூலையில் ஆணியடித்து மாட்டிவிட்டுச் செல்வது ஊழியரின் வழக்கம். அது அவருக்கு எளிது. உங்களுக்கு உகந்த இடம் வீட்டின் நடுப்பகுதி, தலை உயரத்திற்கு மேல், கதவு நிலைகளுக்கு நேராக. கதவுத் திறப்பு அலைக்கும் வாசலே. இரும்பு பீரோவின் மேலும் பின்னும், குளிர்பதனப் பெட்டியின் அருகிலும், முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னும், மீன் தொட்டியின் பக்கத்திலும் வைக்கலாகாது. இரும்பும் கண்ணாடியின் பூச்சும் அலையைத் திருப்பும். நீர் அதனை உறிஞ்சும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.4 ஜிகாவை ஒட்டியே இயங்குவதால், அது ஓடும் நிமிடங்களில் அருகிலுள்ள இணைப்பு தள்ளாடும்.

ஆண்டெனாக் கம்புகளின் திசையை இவ்வாறு நினைவில் வையுங்கள். உளுந்து வடையின் துளையில் ஒரு குச்சியைச் செருகியதாகக் கொள்வோம். குச்சி ஆண்டெனா, வடை அதிலிருந்து பரவும் அலை. குச்சியின் நுனி நோக்கும் பக்கம் அலை மிகக் குறைவு. ஆகவே ஒரே தளமுள்ள வீட்டில் கம்புகள் நிமிர்ந்து நிற்கட்டும். மாடியுள்ள வீட்டில் ஒன்றை நிமிர்த்தி, மற்றொன்றைப் படுக்கையாக வையுங்கள்.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் 2.4 ஜிகாவிற்கு 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களுள் ஒன்றையே தேர்ந்தெடுங்கள். இம்மூன்றே ஒன்றன்மீது ஒன்று படியாதவை. 3, 4 என்று இடையில் வைத்தால் இரண்டு அண்டை வீடுகளின் இணைப்பையும் நாம் கெடுப்போம், நம்முடையதும் கெடும். அண்டை வீட்டாருக்குச் சுவரால் மட்டுமன்றி அலையாலும் தொல்லை தரலாகாது அல்லவா? சேனலின் அகலத்தை 20 என்று வைப்பதே நெருங்கிய குடியிருப்புகளில் நன்று.

அவ்வளவு செய்தும் ஓர் அறைக்கு அலை எட்டவில்லையாயின், கடைக்காரர் ‘எக்ஸ்டெண்டர்’ ஒன்றை எடுத்துக் காட்டுவார். கம்பியின்றி வாங்கிக் கம்பியின்றியே வழங்கும் இக்கருவிகளுள் எளியவை, கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒரே அலையைப் பயன்படுத்துவதால் வேகம் பாதியாகக் குறையும். அதினும் சிறந்தது, ஒரு கம்பியை அந்த அறைக்கு இழுத்து, அங்கே பழைய ரூட்டரையே இரண்டாவது முனையாக வைப்பது. அதில் டி.எச்.சி.பி. என்னும் முகவரி வழங்கும் பணியை நிறுத்திவிட்டு, முதல் பெட்டியினின்று வேறுபட்ட முகவரி ஒன்றைத் தந்து, கம்பியை அதன் லேன் துளையில் செருக வேண்டும். இவ்வகைக் கம்பி 100 மீட்டர் வரை செல்லும். செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தவிர்த்து, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். பரணில் கிடக்கும் பழைய பெட்டிக்கும் இவ்வாறு வாழ்வு கிடைக்கும்.

மின்சாரமே பாதி நோய்

நம் தமிழகத்திலேயே நிகழ்ந்த ஒரு முன்மாதிரியை இங்கே குறிப்பிட வேண்டும். 2000களின் நடுப்பகுதியில், தேனியிலுள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புற ஊர்களின் சிறிய பார்வை மையங்களோடு, அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தொலைவு வைஃபை மூலம் இணைத்தனர். சிற்றூரில் அமர்ந்திருக்கும் நோயாளியைத் தேனியிலுள்ள மருத்துவர் திரையில் கண்டு உரையாடினார். பேருந்துக் கட்டணமும் ஒரு நாள் கூலியும் மிச்சமாயின. அவ்வலையைப் பேணியபோது அவர்கள் கற்ற முக்கியப் பாடம் அலையைப் பற்றியதன்று, மின்சாரத்தைப் பற்றியது. ஏறியும் இறங்கியும் வந்த தரங்குறைந்த மின்சாரமே கருவிகளைப் பெரிதும் பழுதாக்கியது. இரண்டாவது பாடம், பழுதைப் பார்க்கத் தெரிந்தவர் உள்ளூரில் இருக்க வேண்டும் என்பது.

ஏற்காட்டு வீடுகளுக்கும் இவ்விரு பாடங்களும் பொருந்தும். ரூட்டருக்கும் ஓ.என்.டி.க்கும் பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரமே தேவை. அவற்றுக்கென்றே ‘மினி யூ.பி.எஸ்.’ என்னும் சிறு மின்கலப் பெட்டிகள் கிடைக்கின்றன. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று எழுதியுள்ள பெட்டியில் இருப்பது ஏறத்தாழ 37 வாட் மணி. இழப்பு போக 30 எனக் கொள்வோம். இரு கருவிகளும் சேர்ந்து 12 வாட் எடுத்தால் இரண்டரை மணி நேரம் ஓடும். மகளின் தேர்வு முடியவும், மருத்துவரோடு பேசி முடிக்கவும் அது போதும். விலையுயர்ந்த ரூட்டருக்குச் செலவிட எண்ணிய பணத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்குவதே அறிவுடைமை.

சித்திரை, வைகாசி மாதங்களிலும் வடகிழக்குப் பருவத்தின் தொடக்கத்திலும் இடி முழங்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் மின் அடாப்டரும், வீட்டுக்கு வெளியே செல்லும் செம்புக் கம்பியும், இழையைத் தாங்கி வரும் இரும்புக் கம்பியும் கடத்தும். இடிமேகம் சூழத் தொடங்கியதுமே அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிடுங்கள். இடி தலைக்கு மேல் வந்தபின் கம்பிகளைத் தொடச் செல்லலாகாது. தோட்டத்து விருந்தினர் விடுதிக்கோ காப்பிக் கிடங்கிற்கோ இணைப்பு கொண்டு செல்வதாயின், வெட்டவெளியில் செம்புக் கம்பியை இழுக்காமல் இழையையே பயன்படுத்துவது பாதுகாப்பானது.

அளந்து எழுதுங்கள்

புதிய பெட்டியோ பழைய பெட்டியோ, அதன் தரத்தை நாமே மதிப்பிடலாம். பள்ளி நோட்டு ஒன்றில் அறைகளின் பெயர்களை வரிசையாக எழுதுங்கள். எதிரே மூன்று கட்டங்கள்: காலை, மாலை, இரவு ஒன்பது மணி. ஒரே கைப்பேசியைக் கொண்டு, கதவு மூடிய நிலையில், ஒவ்வோர் அறையிலும் நான்கு செய்திகளைக் குறியுங்கள்: அலையின் வலிமை, இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், ‘பிங்’ எனப்படும் தாமதம். மூன்று நாள் போதும். இப்பணியை வீட்டுப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள், மகிழ்ந்து செய்வார்கள்.

வலிமையைக் காட்டும் செயலி, கழித்தல் குறியுடன் எண்ணைக் காட்டும். கழித்தல் 50 மிக நன்று. கழித்தல் 67 வரை முகம் பார்த்துப் பேசத் தகும். கழித்தல் 80ஐத் தாண்டினால் பெயரளவுக்கே இணைப்பு. பத்து எண் குறைந்தால் வலிமை பத்தில் ஒரு பங்காகிறது என்பது கணக்கு. எல்லா அறைகளிலும் இரவில் மட்டும் வேகம் சரிந்தால், அது தடத்தின் நெருக்கடி. ஜிபான் முறையில் ஒரே இழை 32 வீடுகளுக்கோ 64 வீடுகளுக்கோ பிரிக்கப்படுகிறது. அனைவரும் ஒருங்கே திறக்கும் நேரத்தில் நெருக்கடி இயல்பு. ஓர் அறையில் எந்நேரமும் மோசமாயின், அது சுவர். ஒருவர் படங்களைச் சேமிப்பகத்தில் ஏற்றும்போது மட்டும் மற்றவரின் அழைப்பு அறுந்தால், அது ஏற்றும் பாதையின் நெரிசல், ரூட்டரில் கியூ.ஓ.எஸ். என்னும் முன்னுரிமை அமைப்பைக் கொண்டு அதனைத் தணிக்கலாம்.

இந்த நோட்டு உங்களுக்கு இரு வகையில் பயன்படும். இணைப்பு தருபவரிடம் “மெதுவாக இருக்கிறது” என்று சொல்லுவதினும், “கம்பியில் அளந்தேன், மூன்று இரவுகளிலும் இத்துணையே வந்தது” என்று தேதியுடன் சொல்லுவது வலிமை வாய்ந்தது. கடைக்காரரிடம் சென்றாலும், நமக்கு வேண்டியது பெட்டியா, கம்பியா, மின்கலமா என்பதை நாமே சொல்ல முடியும்.

பூட்டு இல்லாத கதவு

இறுதியாக ஒன்று, எனினும் சிறியதன்று. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்றுமுன் அனுப்பப்பட்ட மின்னஞ்சல், நவி மும்பையில் கடவுச்சொல் இன்றித் திறந்து கிடந்த ஒரு வீட்டு வைஃபை வழியே சென்றதாக விசாரணையில் தெரியவந்தது. காவல்துறை முதலில் சென்று நின்றது அந்த வீட்டின் வாசலில்தான். அங்கே குடியிருந்தவர் செய்யாத குற்றத்திற்கு விளக்கம் அளிக்க நேர்ந்தது. நம் இல்லத்தின் கண்ணியத்தைக் காக்க விரும்பும் எவரும் இதனை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது.

பெட்டியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். பெட்டியின் அமைப்புப் பக்கத்திற்குரிய கடவுச்சொல் வேறு, வைஃபையின் கடவுச்சொல் வேறு. இரண்டையும் மாற்ற வேண்டும். கைப்பேசி எண்ணையோ பிள்ளையின் பெயரையோ வைக்காதீர்கள். பூட்டின் வகையில் டபிள்யூ.பி.ஏ. 2, 3 இரண்டும் கலந்த அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். மூன்றை மட்டும் வைத்தால் பழைய கைப்பேசிகள் இணைய மாட்டா. வெப் என்னும் மிகப் பழைய பூட்டோ 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்து வையுங்கள். மென்பொருள் புதுப்பிப்பு வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் வீட்டின் ஒரு பகுதியைச் சுற்றுலா விருந்தினருக்கு விடும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கென்று ‘கெஸ்ட் நெட்வொர்க்’ என்னும் தனி வாசலை ரூட்டரில் திறந்து, அவர்கள் சென்றபின் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். விருந்தோம்பலும் குறையாது, வீட்டுக் கணினியும் பிறர் பார்வைக்கு வராது. பிள்ளைகளின் கருவிகளுக்கு இரவில் இன்ன நேரத்தோடு இணைப்பு நிற்கும் என்று கட்டளையிடும் வசதியும் பெரும்பாலான ரூட்டர்களில் இருக்கிறது. பெற்றோர் நாள்தோறும் அதட்டுவதைக் காட்டிலும், அனைவரும் கலந்து பேசி முடிவு செய்த நேரத்தைப் பெட்டியே நினைவூட்டுவது வீட்டின் அமைதிக்கு உகந்தது.

வாசகர்களே! புதிய பெட்டி வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், மூன்று நாள் தள்ளி வையுங்கள். அதற்குள் பெட்டியை நடுக்கூடத்திற்கு மாற்றிப் பாருங்கள், நோட்டில் எழுதுங்கள், இணைப்பு தருபவரிடம் அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். அதன்பின்னும் குறை பெட்டியில்தான் என்று நோட்டே சொல்லுமானால், தயங்காமல் வாங்குங்கள். இல்லையேல், அப்பணம் பிள்ளைகளின் புத்தகத்திற்கு ஆகட்டும்.